நாலு வருஷம், நாலு மாசம், நாலு நாள்

எதிர்வீட்டுக் கூடத்தில் சுவர்க்கடிகாரம் தரையில் இருந்தது. சுவரில் சாய்த்து, சரிந்துவிடாமல் இருக்க முன்னால் ஒரு செங்கல் வைத்திருந்தார்கள். மணி பார்க்க வேண்டுமென்றால் குனிய வேண்டும். அந்த வீட்டுப் பெண்குழந்தை குப்புறப் படுத்துக்கொண்டு, முகவாயைக் கையில் ஏந்தித்தான் மணி பார்க்கப் பழகியது.

முதல் தடவை போனபோது, புதிதாகக் குடிவந்தவர்கள், ஆணி அடிக்க நேரம் கிடைத்திருக்காது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு மாதம் கழித்துப் போனபோதும் கடிகாரம் அங்கேயே இருந்தது. சுவரில் வேறு எதுவும் இல்லை. காலண்டர் அரிசி டப்பாவின் மேல் கிடந்தது. முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் மேடையில் நின்றது. சட்டைகள் நாற்காலியின் முதுகில் தொங்கின.

"சுத்தி இல்லியா தம்பி? எங்க வீட்ல இருக்கு, எடுத்துட்டு வரட்டுமா?" என்று கேட்டேன்.

"சுத்தி இருக்கு சார். சொவருதான் என்னுது இல்ல."

"நீங்க கட்டின வீடுன்னு சொன்னாங்களே?"

"கட்டினது நான்தான். ஆனா இது பாங்க் ஊடு. அடுத்தவங்க சொவத்துல நாம ஆணி அடிக்கலாமா?"

சிரிக்காமல்தான் சொன்னார். வேடிக்கை என்று நினைத்து நான்தான் சிரித்தேன். பிறகு தெரிந்தது, அவர் வேடிக்கை பேசவில்லை. கடன் தீர்ந்த பிறகு அந்தக் கடிகாரம் சுவர் ஏறியது. ஆனால் எனக்கு நினைவில் நிற்பது தரையில் இருந்த கடிகாரமும் அதன் முன்னால் படுத்துக் கிடந்த குழந்தையும்தான்.

அவர் பெயரை எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஆம்பூரில் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், எங்கள் தெருவில் அவருக்கு முப்பது வயதில் வீடு அமைந்தது. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் வேலை. ஒரு தோலை விரித்துப் போட்டால் எங்கே தழும்பு, எங்கே கொசுக்கடி, எங்கே தோல் இளகியிருக்கிறது என்று உள்ளங்கையால் தடவியே சொல்லிவிடுவாராம். மற்றவர்கள் பதினாறு துண்டு எடுக்கும் தோலில் இவர் பதினெட்டு எடுப்பார் என்று அவருடைய கம்பெனியிலேயே வேலை பார்த்த ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். வாழ்க்கையையும் அப்படித்தான் தடவிப் பார்த்து வெட்டினார். எங்கேயும் ஓரம் வீணாகாது.

நான் கருவூலத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. எங்கள் தெருவில் முப்பத்தொரு வீடு, பதினான்கு மின்கம்பம், எரியாத விளக்கு மூன்று. என் மனைவி இருந்தவரை, நான் மாடிக்குப் போகும்போதெல்லாம், "பதினேழு படியும் இருக்கான்னு பாத்துட்டு வாங்க, யாராவது ஒண்ணத் தூக்கிட்டுப் போயிருக்கப் போறாங்க" என்பாள். இந்தப் பழக்கத்தால்தான் அவர் என்னிடம் வந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கையில் கடன் காகிதங்களோடு எங்கள் கதவருகே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். செருப்பைக் கழற்றி, ஜோடியை நேராக வைத்துவிட்டு வந்தார்.

"சார், அஞ்சு லட்சம். பதினஞ்சு வருஷம் கட்டணும்னு போட்டிருக்காங்க. எனக்கு அத்தினி வருஷம் வேணாம். சீக்கிரமா முடிக்க ஒரு கணக்கு போட்டுக் குடுங்க."

"எதுக்குத் தம்பி அவசரம்? அது பாட்டுக்குக் கட்டிட்டுப் போகலாமே. நான் இருபது வருஷம் கட்டினேன். ரிடையர் ஆன மாசம்தான் முடிஞ்சது. ஒண்ணும் குறைஞ்சு போகலியே."

"உங்களுக்குச் சரி சார். எங்க மார்க்கத்துல வட்டி ஆகாது. வாங்குறதும் தப்பு, குடுக்குறதும் தப்பு. வேற வழி இல்லாம வாங்கிட்டேன். ரெண்டு வருஷத்துல மூணு வாடக ஊடு மாத்தினேன். கொழந்த அழுவுதுன்னு ஒருத்தர், தண்ணி ஜாஸ்தி செலவாவுதுன்னு ஒருத்தர். ஒரே பேஜார். வாங்கினது வாங்கியாச்சு. ஜாஸ்தி நாள் கையில வெச்சிக்கக் கூடாது."

எத்தனை நாளில் முடிக்க வேண்டும் என்று கேட்டேன். ஒரு விநாடிகூட யோசிக்காமல், "பாப்பாவுக்கு நாலு வருஷம், நாலு மாசம், நாலு நாள் ஆறதுக்குள்ள" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. அவர் விளக்கினார். அவர்கள் வீடுகளில் குழந்தைக்கு நாலு வருஷம் நாலு மாசம் நாலு நாள் ஆகும் அன்று முதல் எழுத்து சொல்லிக் கொடுப்பார்கள். பூ முடித்து, புதுத் துணி உடுத்தி, மணப்பெண்ணைப் போல உட்கார வைப்பார்கள். ஓதிக் கொடுக்கும் ஹஜ்ரத் வந்து முதலில் 'பிஸ்மில்லா' சொல்ல வைப்பார். அதனால் அந்தச் சடங்குக்குப் பெயரே பிஸ்மில்லா.

"என் பொண்ணு மொத எழுத்து படிக்கிற ஊட்ல வட்டி இருக்கக் கூடாது சார். அவ்ளோதான்."

குழந்தைக்கு அப்போது மூன்று மாதம். ஜூன் இருபதாம் தேதி பிறந்தவள் என்றார். நான் விரல் விட்டு எண்ணி, அக்டோபர் இருபத்துநான்கு என்று காகிதத்தின் தலையில் எழுதி, அடியில் இரண்டு கோடு போட்டேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு யாரும் என்னிடம் இப்படி ஒரு கணக்கைக் கொண்டுவந்ததில்லை.

மாதத் தவணை அவர் சம்பளத்திலிருந்து தானாகப் போய்விடும். அதற்கு மேல் மிச்சம் பிடித்ததை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேலூரில் இருந்த பாங்கின் கடன் அலுவலகத்துக்குக் கொண்டுபோய்க் கட்டுவது என்று ஏற்பாடு. அந்தப் பணத்தைச் சும்மா கட்டினால் வரப்போகும் தவணைகளுக்கு முன்பணமாக வைத்துக்கொள்வார்கள், வட்டி குறையாது. 'இந்தத் தொகையை அசலில் கழித்துக்கொள்ளவும்' என்று ஒவ்வொரு தடவையும் கடிதம் தர வேண்டும். அந்தக் கடிதத்தை நான் எழுதுவேன், அவர் கையெழுத்துப் போடுவார். இருவரும் பஸ்ஸில் போவோம். பதினேழு தடவை போனோம். ஒரு தடவைகூட அவர் வேலூரில் எதுவும் வாங்கிச் சாப்பிட்டதில்லை. எனக்கு மட்டும் டீ வாங்கித் தருவார்.

"உனக்கு?"

"நான் ஊட்ல போய்க் குடிச்சிக்கிறேன் சார்."

கடன் அலுவலகத்தில் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். நாலாவது தடவையோ ஐந்தாவது தடவையோ அவளுக்கே பொறுக்கவில்லை. "பதினஞ்சு வருஷம் டைம் இருக்கே பாய், இன்னா அவசரம் உங்களுக்கு?" என்றாள்.

"எனக்கு இருக்கும்மா. என் பொண்ணுக்கு அவ்ளோ டைம் இல்ல" என்றார். குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. அதன்பிறகு நாங்கள் போனால் எழுந்து நின்று காகிதத்தை வாங்குவாள்.

மிச்சம் பிடிப்பது என்றால் சும்மா இல்லை. காலை ஆறரைக்கு அவர் வண்டிச் சத்தம் கேட்கும். குழந்தை எழுந்திருக்காது. ஓவர்டைம் முடிந்து திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளிலும் பாதி நாள் வேலை. அவர் மனைவி வீட்டிலேயே ஷூவின் மேல்தோல் தைப்பாள். ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி. காலுக்குப் பக்கத்தில் குழந்தை, மடியில் தோல், வாயில் நூல். இரண்டாவதாகப் பையன் பிறந்த பிறகும் நாற்பதாம் நாளே ஊசியை எடுத்துவிட்டாள்.

அவள் ஒருநாள் என் மனைவியிடம், "அம்மா, இவரு பாங்க் ஊட்ட எங்க ஊடா ஆக்குறதுக்குள்ள பசங்க வளந்து ஊட்ட உட்டே போய்டுவாங்க" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அப்போதும் ஊசி நிற்கவில்லை.

தெருவில் அவருக்குக் கஞ்சன் என்று பெயர். குடிபுகுந்தபோது யாருக்கும் விருந்து வைக்கவில்லை. என் ஊடு ஆகட்டும், அப்புறம் கூப்பிடுறேன் என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார். கம்பெனியில் கூட வேலை செய்யும் சிநேகிதர் ஒருவர் எங்கள் வாசலில் வைத்தே அவரைக் கிண்டல் செய்தார். "தோஸ்த், ஒரு நாள் சினிமாவுக்கு வந்தா உன் பாங்க் செவுரு இடிஞ்சா போய்டும்?"

"இடியாது. ஒரு நாள் தள்ளிப் போவும்" என்றார் இவர்.

அப்படித்தான் அவர் எல்லாவற்றையும் சொல்வார். விலை சொல்ல மாட்டார். புது சைக்கிள் நாலு நாள், ஏலகிரிக்குப் போய்வர ஆறு நாள், சோபா ஒரு மாசம். அவ்வளவு நாள் கடன் தள்ளிப் போகும் என்று பொருள். எனக்கு அந்தக் கணக்கு பிடித்திருந்தது. என் மனைவிக்குப் பிடிக்கவில்லை. "கொழந்தைக்கு வாங்குற பொம்மைக்குமா நாள் சொல்லுவான் ஒருத்தன்?" என்பாள்.

அந்தப் பெண்குழந்தை முதன்முதலில் நடந்தது எங்கள் கூடத்தில். ஒரு புதன்கிழமை பதினொரு மணிக்கு. அம்மா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். குழந்தை என் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பிறகு விட்டது. கைகளை அகல விரித்துக்கொண்டு, பயந்த முகத்தோடு, சமையலறையில் நின்ற என் மனைவியை நோக்கி நடந்தது. பதினொரு அடி.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு நான் கேட்டருகே போய் நின்று அவர் வண்டியை நிறுத்தினேன். சொன்னேன். அவர் எஞ்சினை அணைத்தார்.

"எத்தினி அடி சார்?"

"பதினொண்ணு."

"உழுந்தாளா?"

"கடைசியில. உக்காந்த மாதிரிதான். அழலை."

தலையை ஆட்டினார். இரண்டு மூன்று தடவை ஆட்டினார். "நல்ல வேள, எண்ணுற ஆள் பக்கத்துல இருந்தீங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். நான் அங்கேயே நின்றிருந்தேன். அந்தப் பதினொரு அடியை அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. அந்தக் குழந்தையின் பகல்கள் முழுக்க எனக்குத்தான் கிடைத்தன. அப்பாவுக்குக் கிடைத்தவை பாதி ஞாயிறுகள்.

நாலாவது வருஷம் ஆகஸ்டு மாதத்தில் முப்பத்தெட்டாயிரத்து நானூறு ரூபாய் பாக்கி இருந்தது. அக்டோபர் இரண்டாம் வாரம் கம்பெனியில் போனஸ் கொடுப்பார்கள். அதையும் சேர்த்துக் கட்டினால் தீர்ந்துவிடும். குழந்தையின் நாளுக்குப் பத்து நாள் முன்னதாகவே. நான் போட்ட கணக்கு ஓரிடத்திலும் பிசகாமல் வந்திருந்தது. எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

ஆகஸ்டு பதினாறாம் தேதி காலை அவர் மனைவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "தாத்தா, பாப்பாவுக்கு பிஸ்மில்லா வருது. அடுத்த மாசம் ஏழாம் தேதி. எங்க அம்மா போன்ல சொன்னாங்க. நீங்க ரெண்டு பேரும் இருக்கணும்." குழந்தை என்னைக் கூப்பிடும் பெயரால்தான் அவளும் என்னைக் கூப்பிடுவாள்.

"அடுத்த மாசமா? இல்லையேம்மா. அக்டோபர் இருபத்துநாலு."

"இல்ல தாத்தா, செப்டம்பர் ஏழு. அம்மா பிறை பாத்து எண்ணிச் சொன்னாங்களே. நாங்க பிறைக் கணக்குதான பாப்போம்."

பிறைக் கணக்கு. அவர்கள் மாதத்துக்கு இருபத்தொன்பது நாள், இல்லையானால் முப்பது. வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் குறையும். நாலு வருஷம் நாலு மாசத்துக்கு நாற்பத்தேழு நாள். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. ரம்ஜான் ஒவ்வொரு வருஷமும் முன்னால் நகர்வதை அறுபது வருஷமாக இதே ஊரில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அன்று விரல் விட்டு எண்ணியபோது என் காலண்டரைத்தான் எண்ணினேன். அவரும் கேட்கவில்லை. படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்பிவிட்டார்.

இருபத்திரண்டு நாள்தான் இருந்தது. கையில் பதினோராயிரம். போனஸ் அதற்குள் வராது.

அன்று சாயங்காலம் அவர் கம்பெனி வாசலுக்கே போய்விட்டேன். டீ இடைவேளையில் கூப்பிட்டுச் சொன்னேன். என் தப்பு என்றேன். நாலு வருஷமாகத் தப்பான தேதியை நோக்கி ஓட வைத்துவிட்டேன் என்றேன். அவர் கையில் தோலின் சாயம் ஒட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்தார்.

"நீங்க சூரியனுக்குக் கணக்குப் போட்டிருக்கீங்க சார். என் பொண்ணு நிலாவுக்குப் பொறந்தவ."

"என்கிட்ட பணம் இருக்கு தம்பி. வாங்கிக்கோ. அப்புறம் மெதுவா குடு."

"அது இன்னா பணம் சார்?"

"டெபாசிட். வட்டி வந்து சேர்ந்தது."

நான் சொல்லி முடித்ததும் எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. பென்ஷன் பணம் தருகிறேன் என்றேன். அதையும் மறுத்தார். கடனை முடிக்க இன்னொரு கடனா என்றார். வண்டியை விற்கலாம் என்றால் வேலைக்கு எப்படிப் போவது? சடங்கை அக்டோபருக்குத் தள்ளி வைக்கலாமே என்று அவர் மனைவி கேட்டாள். இதெல்லாம் வழக்கம்தான், கட்டாயம் இல்லை என்று ஹஜ்ரத்தும் சொன்னாராம். இவர் கேட்கவில்லை. நாலு நாள் தெருவில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போவார்.

ஐந்தாம் நாள் வந்தார். உட்காரவில்லை. எங்கள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். சுவர்களைப் பார்த்தார்.

"சார், உங்க ஊட்டுக் கடன் முடிஞ்சிடுச்சி இல்ல?"

"முடிஞ்சு பதினோரு வருஷம் ஆச்சு."

"அப்போ... பாப்பா மொத எழுத்த இங்க படிக்கட்டுமா?"

இந்த வீடும் வட்டியில் கட்டியதுதானே என்றேன். "முடிஞ்சி போச்சில்ல சார், முடிஞ்சா முடிஞ்சதுதான்" என்றார். கூடத்தின் கிழக்குப் பக்கம் எங்கள் சாமி அலமாரி இருக்கிறது, அதற்கு என்ன செய்வது என்று நான் கவலைப்பட ஆரம்பித்தேன். என் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள்.

"ஏன், நம்ம வீட்ல சொல்லிக் குடுத்தா எழுத்து வராதாமா? அலமாரிக்குத் துணி போட்டு மூடிட்டாப் போச்சு."

"வேணாம்மா, அது அது எடத்துல அப்படியே இருக்கட்டும். நாங்க மேக்குப் பக்கம் பாத்துதான உக்காரப் போறோம்" என்றார் அவர்.

செப்டம்பர் ஏழாம் தேதி எங்கள் கூடத்தில் இருபத்தாறு பேர் இருந்தார்கள். குழந்தைக்குப் பச்சைப் பட்டு, தலை நிறைய மல்லி. பூவின் கனத்தில் தலை பின்னால் சாய்ந்துகொண்டே இருந்தது. அவர் அன்று லீவு போட்டிருந்தார். வேலை நாளில் அவர் லீவு போட்டு அன்றுதான் பார்த்தேன். மகளை மடியில் வைத்து ஹஜ்ரத்தின் முன்னால் உட்கார்ந்தார். ஹஜ்ரத் ஒரு சொல் சொன்னார். குழந்தை வாயைத் திறப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார். அடுத்த சொல்லுக்கும் அப்படியே. ஹஜ்ரத் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீ படிச்சி முடிச்சிட்டப்பா. அவ படிக்கட்டும். கொஞ்சம் பொறு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் காது சிவந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு இருந்தார். குழந்தை மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, இடையிடையே என் மனைவியைப் பார்த்துக்கொண்டு சொல்லி முடித்தது. ரொம்ப நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் அவர் ஒரு வேலையும் இல்லாமல், எங்கும் போகவேண்டியது இல்லாமல், மகளின் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கடன் அக்டோபரில் தீரவில்லை. டிசம்பரில் தீர்ந்தது. அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தார்கள். பிறகு வெளிநாட்டில் ஷூ தொழிற்சாலை ஒன்றில் ஆட்களைப் பழக்கும் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறார். போய் ஆறு வருஷம் ஆகிறது. பண்டிகைகளுக்குப் போன் வரும். என் மனைவி போய்ச் சேர்ந்த செய்தி கேட்டு அன்று அழுதார். எதிர்வீட்டில் இப்போது இருப்பவர்கள் நல்லவர்கள்தான். என்னிடம் அவர்களுக்கு எந்த வேலையும் இல்லை.

எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது எழுத்து சொன்ன நாள் இல்லை. அதற்கு மறுநாள். மணி ஐந்தே கால். வெயில் இன்னும் இறங்கவில்லை. எதிர்வீட்டுக் கேட்டில் வண்டிச் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழந்தை எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து என் கையைப் பிடித்து இழுத்தது.

"தாத்தா, சீக்கிரம் வாங்க. அப்பா வந்துட்டாரு. வெளிச்சமா இருக்குது, வந்துட்டாரு. உடம்பு சரியில்லயான்னு கேளுங்க."

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் தெருவின் நடுவில் நின்றிருந்தார். அவள் சொன்னது அவருக்கும் கேட்டிருக்கிறது. டிபன் பை இன்னும் தோளில் இருந்தது. வந்து, பையை எங்கள் வாசல் திண்ணையில் வைத்துவிட்டு, அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டார்.

"ரயிலு பாக்கப் போலாமா?"

அவள் அவருடைய நெற்றியில் கை வைத்துச் சூடு இருக்கிறதா என்று பார்த்தாள். பிறகு சரி என்றாள்.